பிளாஸ்டிக் என்னும் ஒற்றைச் சொல்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் குடியிருப்பில், எங்கள் வீட்டு ஸ்கூட்டரின் முன்புறப் பேனலில் கிரீஸ் அப்பியிருந்தது. இங்கு எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: பனியன் வேஸ்டைப் பெட்ரோலில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். கறை உடனே போயிற்று. சில வாரங்களில் திருகாணித் துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின. பின்னர் ஒரு மூலை உடைந்து விழுந்தது. மொழியியல் படித்த பழக்கமோ என்னவோ, அந்த உடைவில் ஒரு சொல்லுக்கும் பங்குண்டு என்று எண்ணத் தோன்றியது.

உலோகங்களைப் பொறுத்தவரை நம் மொழி மிக நுட்பமானது. செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம், இரும்பு, எஃகு என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. பெயரோடு பராமரிப்பு முறையும் சேர்ந்தே வருகிறது. பித்தளைக் குடத்துக்குப் புளி. இரும்புத் தோசைக்கல்லுக்கு எண்ணெய். எவரும் இவற்றை மாற்றிச் செய்வதில்லை. ஸ்கூட்டரில் உள்ளவற்றையோ ‘பிளாஸ்டிக்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வண்ணம் பூசிய பேனல்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.; சொரசொரப்பான கறுப்புப் பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்; முகப்பு விளக்கின் மூடி பாலிகார்பனேட்; பின்விளக்கின் சிவப்பு மூடி பல வண்டிகளில் அக்ரிலிக். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது.

இவற்றில் பாலிப்ரொப்பிலீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், அக்ரிலிக் ஆகியவை பெட்ரோலுக்கும் தின்னருக்கும் ஈடுகொடுக்கா. இறுக்கிய திருகாணியைச் சுற்றிப் பொருள் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. கரைப்பான் அங்கே மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து பிடிப்பைத் தளர்த்தும்போது வெடிப்பு தொடங்குகிறது. அது உடனே கண்ணில் படுவதில்லை என்பதால், பழி பெட்ரோலின்மேல் விழாமல் மேடுபள்ளமான சாலையின்மேல் விழுகிறது.

பெட்ரோலால் துடைப்பதை அறியாமை என்று இகழ்வது நியாயமன்று. 1880களில் தொடங்கி 2001இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை இவ்வூர் இரும்போடும் எஃகோடும் வாழ்ந்தது. சங்கிலி, பேரிங், பல்சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிய கிரீஸை எண்ணெய்க் கரைப்பானால் கழுவுவது உலோகத்துக்கு உகந்த அறிவே. அதே அறிவு வேறொரு பொருளின்மேல் பாயும்போதுதான் பிழையாகிறது. பொருளை விட்டாலும் உடலுக்குக் கேடு உண்டு. பெட்ரோலில் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவி, எட்டியுள்ள தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். துளையிடும் தூசியால் சிலிக்கோசிஸ் நோயைக் கண்ட ஊர் இது. கண்ணுக்குத் தெரியாத கேட்டை இங்குள்ளவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

மாற்றுமுறை எளிது. எஞ்சின் ஆறியபின், தடித்த கிரீஸை ஐஸ் குச்சியாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பாலோ வழித்தெடுக்க வேண்டும். அடுத்து, தேய்க்காமல் நீரை மட்டும் ஊற்ற வேண்டும். சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் வரும் நுண்மணல் பெரிதும் குவார்ட்ஸ். அது இருக்கும்போது தேய்த்தால் துணியே உப்புத்தாள் ஆகிவிடும். பின்னர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்து மென்துணியால் துடைக்க வேண்டும். இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி போதும். ஒருமுறையில் போகாவிட்டால் மறுமுறை செய்யலாம். அழுக்குநீர் பிரேக் பகுதிக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டு, அலசி நிழலில் உலர்த்த வேண்டும். பிறகும் பிசுக்கு எஞ்சினால், வண்ணம் பூசாத கறுப்புப் பாகங்களில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மறைவான இடத்தில் சோதித்துவிட்டுச் சிறிதளவு பயன்படுத்தலாம். அக்ரிலிக் மூடியில் அதுவும் கூடாது.

மொழித்துறையினரிடம் ஒரு வேண்டுகோள். ‘பிளாஸ்டிக்’ என்பதை ‘நெகிழி’ என்று மாற்றினோம். ஒற்றைச் சொல் ஒற்றைச் சொல்லாகவே நின்றது. கலைச்சொல்லாக்கத்தை அயற்சொல்லா தமிழ்ச்சொல்லா என்ற வழக்கோடு நிறுத்திக்கொள்கிறோம். வேறுபடுத்த வேண்டியதை அச்சொல் வேறுபடுத்துகிறதா என்று கேட்பதில்லை. பேனலின் உட்புறத்தில் அது எவ்வகைப் பிளாஸ்டிக் என்ற குறி பெரும்பாலும் ரோமன் எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். அதைத் துடைக்கும் கைக்கு அக்குறியின் பொருள் சென்றுசேரவில்லை.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அப்போ எதுக்கு எதுன்னு எழுதிக் குடு தம்பி, மாட்டி வைக்கிறேன்” என்றார். ஓர் அட்டையில் நான்கு வரிகள் எழுதியிருக்கிறேன். மாட்டுவதற்கு முன் வேதியியல் மாணவர்கள் எவரேனும் சரிபார்த்துக் கொடுத்தால் நன்றியுடையவனாவேன்.