துப்பாக்கி யாருக்கு?

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி நாடும் நகரவாசிகள் றிவோல்வரா, பிஸ்டலா என ஆராய்கின்றனர். நம்பகமே நோக்கமாயின் றிவோல்வரே மேல். தோட்டா வெடியாவிடின் விசையை மீண்டும் இழுத்தாற் போதும். உருளை சுழன்று அடுத்ததை முன்கொணரும். பிஸ்டலிலோ பழுதுற்ற தோட்டாவைக் கையால் வெளியேற்றவேண்டும். நடுங்குங் கைக்கு அது எளிதன்று.

ஆயுதத்தை நம்பலாம், அதன் அனுமதிப்பத்திரத்தை நம்பலாமோ? 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டியது. 2024இல், தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. அது நன்றே. ஆனால், பன்றியிடம் பயிரைப் பறிகொடுக்கும் கமக்காரனின் விண்ணப்பத்தை யார் ஆராய்வது? அவன் கேட்பது வயற்காவலுக்கு ஒரு சொட்கனே. அது கிடையாதவிடத்துத் தோன்றுவது கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் மனிதன் காலிடறினும் அது வெடிக்கும். அமைச்சு முதலில் எடுக்கவேண்டியது இவ்விண்ணப்பங்களையே.