தடை செய்தவர்களும் தழுவிக்கொண்டவர்களும்

அமெரிக்கத் திகில் சித்திரக்கதைகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர் முகம் சுளித்தார். இன்னொருவர் உற்சாகமாகி, 1954, தணிக்கை, தியாகம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். முகம் சுளித்தவரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் படித்ததில்லை, படித்தால் மாறக்கூடும். என் சண்டை இரண்டாமவரோடுதான். அவர் படித்தும் பார்க்காதவர்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1947இல் தகப்பனார் படகு விபத்தில் இறக்க, இ.ஸி. என்ற பதிப்பகம் வில்லியம் கெய்ன்ஸ் கைக்கு வந்தது. 1950இல் அவரும் ஆல் ஃபெல்ட்ஸ்டைனும் 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்' முதலான மூன்று திகில் பத்திரிகைகளைத் தொடங்கினார்கள். ஹார்வி கர்ட்ஸ்மன் யுத்தக் கதைகளையும், 1952இல் 'மேட்' என்ற நையாண்டிப் பத்திரிகையையும் கொண்டுவந்தார். 1954 ஏப்ரலில் செனட் உபகமிட்டி விசாரணை தொடங்கியது. அவ்வாண்டே பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு ஒழுக்க விதி எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' கூடாது. நடமாடும் பிணங்கள் கூடாது. இ.ஸி.யின் திகில் பத்திரிகைகள் நின்றுபோயின.

இந்தக் கதையின் வில்லனாக எல்லோரும் காட்டுவது மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தமை. தம் புத்தகத்துக்காக அவர் ஆதாரங்களைத் திரித்ததைக் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் 2012இல் அம்பலப்படுத்தினார். ஆனால் இதே மனிதர்தான் 1946இல் ஹார்லமில் ஏழைகளுக்கு மனநல மருத்துவமனை திறந்தவர். பள்ளிகளில் நிறப்பிரிவினை குழந்தைகளைச் சிதைக்கிறது என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். நல்லவர்தான், சித்திரப் பக்கத்தைப் பார்க்கத் தெரியாத நல்லவர். நிறவெறியைத் தோலுரிக்கும் ஒரு இ.ஸி. கதையில் வெறியன் பேசும் வசைச்சொல்லைப் பிடுங்கியெடுத்து, கதையே வசையைப் போதிக்கிறது என்றார். கோடரி, தலை, ரத்தம் என்று பட்டியல் போடுவதுதான் அவருடைய விமர்சன முறை.

இன்றைய ரசிகர்களின் முறை என்ன? அதே பட்டியல்தான். அவர் கழித்தல் குறி போட்ட இடத்தில் இவர்கள் கூட்டல் குறி போடுகிறார்கள். 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். 1953இல் வந்தது, கடைசிச் சட்டகத்தில் விண்வெளி வீரன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான், அவன் கறுப்பன். 1956இல் மறுபிரசுரம் செய்யப் போனபோது, அந்த முகத்தின் வியர்வைத் துளிகளை எடுக்கச் சொன்னார் தணிக்கை அதிகாரி. கெய்ன்ஸ் மறுத்து அப்படியே அச்சிட்டார். அந்தத் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் துணிச்சல் வேறு, கலை வேறு. என்னளவில் அந்தக் கதை ஒரு பிரசங்கம், கடைசியில் ஒரு திடுக்கிடல், அவ்வளவுதான்.

ஃபெல்ட்ஸ்டைன் வேலை செய்த விதமே அப்படி. அட்டையிலேயே கதையை எழுதி, யந்திர எழுத்தில் வாசகங்களைப் பொறித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தைச் சித்திரக்காரரிடம் கொடுப்பார். வாசகம் சொன்னதையே படம் திரும்பச் சொல்லும். இந்த நெருக்கடியிலும் கிரஹாம் இங்கல்ஸின் தூரிகை அழுகலை உணரவைத்தது என்றால் அது அவருடைய சாமர்த்தியம். முறையின் பெருமை அல்ல.

உண்மையான திகில் வேறிடத்தில் இருந்தது. கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, 1952இல், கர்ட்ஸ்மன் 'கார்ப்ஸ் ஆன் தி இம்ஜின்' எழுதி வரைந்தார். ஒரு சிப்பாய் எதிரியை ஆற்றில் அமுக்கிக் கொல்கிறான். பேய் இல்லை, சவக்குழி இல்லை. சட்டகங்களின் தாளகதியே மூச்சை முட்டவைக்கிறது. 'மேட்' இதழில் சிரிக்கவைத்ததும் இதே கண்தான். சித்திரக்கதை எப்படிப் பொய் சொல்கிறது என்பதைச் சித்திரக்கதையாலேயே காட்டிக்கொடுத்தார்.

பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் இன்னும் மேலே போனார். 1955இல் வந்த 'மாஸ்டர் ரேஸ்' ஆறு பக்கக் கதை. அவர் கேட்டது பன்னிரண்டு, கிடைத்தது எட்டு. பொறித்துத் தந்த வாசகங்களை வெட்டி, சட்டகங்களைக் கீற்றுகளாகப் பிளந்தார். சித்திரவதை முகாமை நடத்தியவன் பாதாள ரயிலின் முன் விழுகிறான். ரயில் ஜன்னல்களில் பயணிகளின் முகங்கள் பல பிரதிகளாகச் சிதறி ஓடுகின்றன. காலம் கண்முன் துண்டாகிறது. ஃபெல்ட்ஸ்டைனின் கதையில் இது இல்லை. கிரிக்ஸ்டைனின் கத்தரியில் இருந்தது.

செனட் விசாரணையில் கெய்ன்ஸிடம் ஒரு அட்டைப்படத்தைக் காட்டினார்கள்: கோடரியும், வெட்டிய பெண் தலையும். திகில் பத்திரிகைக்கு இது நல்ல ரஸனைதான், தலையை இன்னும் உயர்த்தி ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால் தவறு என்றார். இந்தப் பதில்தான் அவர் மானத்தை வாங்கியது. ஆனால் படத்தை எங்கே வெட்டுவது என்பது உருவம் பற்றிய பேச்சு. அங்கே அதைக் கேட்கக் காது இருக்கவில்லை. பிறகு, அவரிடமும் அந்தக் காது நிலைக்கவில்லை. 1956இல் கர்ட்ஸ்மன் 'மேட்' மீது பாதிக்கு மேல் உரிமை கேட்டார், மறுக்கப்பட்டதும் வெளியேறினார். 1970களின் முற்பகுதியில் அது 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியபோது அவர் அங்கே இல்லை. கிரிக்ஸ்டைன் சித்திரக்கதையை விட்டுவிட்டு ஓவியம் கற்பிக்கப் போனார். இவர்களை விரட்டியது தணிக்கை மட்டுமல்ல. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, உரிமையைத் தான் வைத்துக்கொண்ட ஏற்பாடும்தான். தியாகி என்று முதலாளிக்கு மாலை போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்த ஒழுக்க விதி 2011இல் செத்தது. கடைசிப் பதிப்பாளர்களும் கைவிட, அழுவதற்கு ஆளில்லை. பழைய இதழ்கள் இன்று கெட்டி அட்டையில் கிடைக்கின்றன. தடை நீங்கிவிட்டது, பார்வை வந்துவிடவில்லை. பார்க்காமல் எரிப்பவனிடமிருந்து ஒரு புத்தகத்தை மீட்டு, பார்க்காமல் பூஜிப்பவனிடம் கொடுத்தால் அதற்கு என்ன லாபம்? உற்சாகமான நண்பருக்கு என் யோசனை ஒன்றே: வாசகங்களைக் கையால் மறைத்துக்கொண்டு 'மாஸ்டர் ரேஸ்' கடைசிப் பக்கத்தை ஒரு முறை பாருங்கள். பிறகு பேசலாம்.