புது ஸ்டிக் வாங்கலாமா, டாக்டர்?

இதையெல்லாமா ஒரு சித்த வைத்தியரிடம் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். கேட்கிறார்கள்! மூட்டுவலித் தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டே, "டி.வி.க்குப் பின்னாடி செருகியிருக்கற ஸ்டிக் ரொம்ப மெதுவாயிடுத்து டாக்டர். பையன் 4கே வாங்கிக்கோம்மாங்கறான். வாங்கலாமா?" என்று கேட்கிற மாமிகள் மயிலாப்பூரில் ஒருவர் இருவர் அல்ல.

சென்னைக்கு இது பழகின குழப்பம்தான். 2003 செப்டம்பரில், கட்டணச் சேனல் வேண்டுமானால் செட் டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற திட்டம் நம் ஊரில் அமலுக்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் 'இலவசச் சேனலே போதும்' என்று பெட்டி வாங்காமல் இருந்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

நாடி பார்க்காமல் நான் மருந்து கொடுப்பதில்லை. உங்கள் ஸ்டிக்குக்கும் அப்படித்தான். அதை டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலேயே செருகி வைத்திருக்கிறீர்களா? பல டி.வி.க்களில் அந்த மின்சாரம் அதற்குப் போதாது. கூடவே கொடுத்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பார்க்காத ஆப்களை நீக்குங்கள். வைஃபை பெட்டி உள்அறையில், நடுவில் இரண்டு சுவர் என்றால், புது ஸ்டிக் வந்தாலும் படம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பாதிப் பேருக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

சரி, 4கே? டி.வி.யும் 4கே-யாக இருந்தால்தான் அதில் பலன். அதற்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகமே 15 எம்.பி.பி.எஸ். சரி, எல்லாம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 43 அங்குல டி.வி.யை ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால், சாதாரண ஃபுல் ஹெச்.டி. படத்தின் புள்ளிகளையே நல்ல கண்ணால்கூடப் பிரித்துப் பார்க்க முடியாது. 4கே-யில் அதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள். நம் வீட்டு சோபா எத்தனை அடியில் இருக்கிறது? கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு 4கே வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

ஆனால் வாங்கியே ஆகவேண்டிய சமயமும் உண்டு. 2014-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த முதல் குரோம்காஸ்ட்டுக்கு 2023-ல் கூகுள் ஆதரவை நிறுத்திவிட்டது. அப்படி உங்கள் கருவிக்கும் அப்டேட் நின்று, வேண்டிய ஆப் திறக்க மறுத்தால் தயங்க வேண்டாம். அதிலும், மாடிப்படி இறங்க முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். 2020 டிசம்பரில் மியூசிக் அகாடமியே கச்சேரிகளை இணையம் வழியாக வழங்கியதே! நடக்க முடியாதவருக்கு அந்தத் திரைதான் சபா. முடிந்தவரை பழைய கம்பெனியிலேயே வாங்குங்கள். ரிமோட்டில் பட்டன் மாறினால் பெரியவர்கள் டி.வி. பக்கமே போகாமல் இருந்துவிடுவார்கள்.

எனக்குப் படத்தின் தெளிவு பெரிய விஷயமில்லை, தூக்கம்தான். பசி, தாகம், தும்மல், கொட்டாவி போலத் தூக்கமும் அடக்கக்கூடாத பதினான்கு வேகங்களில் ஒன்று என்கிறது சித்த மருத்துவம். பழைய ஸ்டிக் அரை நிமிஷம் சுற்றிக்கொண்டிருக்கும்போதாவது, 'அட, கொட்டாவி வருதே, மணி என்ன?' என்று கேட்கத் தோன்றும். புதியதில் அதற்குள் அடுத்த பாகம் தானாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது! ராத்திரி ஒரு மணிவரை சீரியல், மறுநாள் மத்தியானம் சாப்பிட்டதும் குறட்டை. பகல் தூக்கம் ஆகாது என்று தேரையர் நோயணுகா விதியிலேயே சொல்லியாயிற்று. சர்க்கரை ஏன் குறையவில்லை என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ஆகவே புதுசு வாங்கினால், மாட்டித்தர வரும் பேரனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். நெட்ஃபிளிக்ஸிலும் யூடியூபிலும் 'ஆட்டோபிளே' என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. பழைய ஸ்டிக்கிலும் இதைச் செய்யலாம், செலவே இல்லை.