ஐந்நூறு ரூபாய்க் கணக்கு



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் சில நாளாக ஒரே பேச்சு. 2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் சட்டமன்றத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார் அல்லவா, அதைப் பற்றித்தான். "சும்மா உட்கார வைத்துப் பணம் கொடுக்கிறார்கள்" என்று சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். என்னிடம் கணக்குப் படித்தவர். அதனால் உரிமையோடு 'நீ' என்றே சொல்லி, கணக்காகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, முகாமில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 400 ரூபாய் கொடுத்தார்கள். 2021 அறிவிப்பின்படி அது 500. நாளுக்கு 16 ரூபாய் 66 காசு. நம்மூர்க் கடைத்தெருவில் ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் காணாது. அப்பாவுக்கு 1,500, அம்மாவுக்கு 1,000, இரண்டு பிள்ளைகளுக்கு 1,000. ஆக 3,500. நான்கு பேருக்கு வகுத்துப் பார். ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 ரூபாய். அரிசியும் தருகிறார்கள், சரி. காய், பால், துணி, மருந்து? இதை வைத்துக்கொண்டு யார் சும்மா உட்கார முடியும்? அங்குள்ள ஆண்கள் ஊர் ஊராகப் போய்ப் பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறார்கள்.

இன்னொரு கணக்கு. அந்த 400 ரூபாய் 2011-இல் வைத்தது. 10 வருஷம் கழித்து 100 ரூபாய் ஏற்றினால் 25 சதவீதம். பருப்பும் எண்ணெயும் சிலிண்டரும் 10 வருஷத்தில் 25 சதவீதம்தானா ஏறின? உயர்வு என்று நாம் கைதட்டுவது, குழந்தை தட்டில் குறைந்துபோனதை முழுசாகத் திருப்பித் தரவே இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1998-இல் குழந்தைகளுக்கு மாதம் 100 ரேண்ட் என்று ஆரம்பித்தார்கள். 2021-இல் அது 460. அங்கீகாரம் பெற்ற அகதிகளின் பிள்ளைகளுக்கும் உண்டு. அங்கும் வறுமை ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் தொகையை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கவில்லை.

"இந்தச் சில்லறையால் என்ன ஆகிவிடும்?" என்று வேறொருவர் கேட்டிருந்தார். கூத்தாநல்லூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மாதா மாதம் வந்த பணத்தில் வளர்ந்த ஊர் இது. எல்லார் வீட்டுக்கும் பெருந்தொகை வரவில்லை. ஆனால் தவறாமல் வந்தது. அந்த நம்பிக்கையில்தான் மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். தாயின் கையில் மாதம் தவறாமல் விழும் பணம் என்ன செய்யும் என்பதற்கு நீங்கள்தான் சாட்சி.

ஆனால் பணம் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1983-இல் தாயின் இடுப்பில் வந்த குழந்தைக்கே இன்று பேரன் பேத்தி இருக்கலாம். 2021-இல் 108 முகாம்களில் 58,000-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். இங்கேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தையே படித்த பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. அதனால் அரசு வேலை இல்லை. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் இலங்கையைச் சேர்க்கவில்லை. பிளஸ் டூ முடித்த பையன் அப்பாவின் பெயிண்ட் வாளியைத்தானே தூக்குவான்? நீ பிழைக்கப் போன நாட்டில் உன் பிள்ளைகளுக்கு நிரந்தரவாசம் கிடைத்தது. உயிர் பிழைக்க ஓடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தது 'முகாம்வாசி' என்ற பெயர்.

நான் கேட்பது இரண்டுதான். குழந்தைத் தொகையை ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்துங்கள். இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கொடுங்கள். முன்னது மாநிலத்தின் வேலை, பின்னது டெல்லியின் வேலை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கோபப்படாதே தம்பி. அடுத்த முறை திருச்சி விமான நிலையத்தில் இறங்கும்போது சொல், நானும் வருகிறேன். கொட்டப்பட்டு முகாம் பக்கத்தில்தான் இருக்கிறது. நம்மூர் வண்டி ஏறும் முன் ஒரு மணி நேரம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அப்புறமும் 'சும்மா' என்று உனக்குத் தோன்றினால் குழுவில் எழுது. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்