பெட்டியடியில் கிடந்த அட்டை

குழந்தைக்கு முதற்பல் முளைத்த நாளை மறவாத தாய்மாரும் தடுப்பூசி நாளை மறந்துவிடுகின்றனர். பிறரைக் குறை கூறுமுன், நம் இல்லத்துக் குறையையே சொல்லிவிடுகிறோம்.

நம் இளைய மகவுக்கு ஒன்பது மாதம் நிறைந்த சமயம், துணைவியார் குழந்தையுடன் ஊர்த் திருவிழாவுக்குச் சென்றிருந்தார். அட்டையோ விவேக் நகர் வீட்டில், டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. நாள்தோறும் பிறர் பயணச்சீட்டில் தேதி பார்க்கும் நாம், சொந்தக் குழந்தையின் அட்டையில் தேதி பார்த்தோமில்லை. ஊரில் அண்டைவீட்டுச் சிறுவனுக்குத் தட்டம்மை கண்டதென்று செய்தி வந்த பின்னரே நினைவு வந்தது. அவ்வாரம் நமக்கு உறக்கமில்லை. நல்வினையால் தீங்கொன்றும் நேரவில்லை. எனினும் நல்வினையை மட்டும் நம்பிக் குழந்தை வளர்த்தல் ஆகுமோ?

ஆகவே தாய்மார்கள் மனத்திற் கொள்ளவேண்டுவன இவை. பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ்-பி ஊசி. பின்னர் 6, 10, 14 ஆம் வாரங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான் முதலிய ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியும் சொட்டு மருந்துகளும். 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. 16 முதல் 24 மாதத்திற்குள் அதன் இரண்டாம் தவணை. அரசு நிலையங்களில் இவையாவும் இலவசம்.

“ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறதே!” என்பர் சிலர். உடல் நோயை எதிர்க்கப் பழகுவதன் அடையாளமே அது; பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். தணியாவிடில் மருத்துவரிடம் காட்டுக. சாதாரணச் சளியைக் காரணங்காட்டி நாளைத் தள்ளற்க.

“ஒரு தவணை தவறிற்றே, இனி முதலிலிருந்தா?” என்பர் வேறு சிலர். அன்று. ஜோலார்பேட்டையில் வண்டியைத் தவறவிட்டவர் அடுத்த வண்டி ஏறுவாரேயன்றிப் புறப்பட்ட ஊருக்குத் திரும்புவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்தலே முறை.

இம்முயற்சி வீண்போகாது என்பதற்குச் சான்று உண்டு. 1975க்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை கண்டவர் எவருமிலர். இயற்கைப் போலியோ 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு சிறுமிக்குக் கண்டதே இறுதி.

ஊருக்கும் பெங்களூருக்குமாக வாழும் நம்மவர்க்கு அட்டையே வழித்துணை. ஊரில் போட்ட ஊசியை இங்கும், இங்குப் போட்டதை அங்கும் அதுவே எடுத்துரைக்கும். கர்நாடகத்தில் அதனைத் ‘தாயி கார்டு’ என்பர். கன்னடத்திலும் தாய் தாயே. அடுத்த முறை மூட்டை கட்டுகையில், சகோதரிகளே, சேலைக்கு முன் அவ்வட்டையை எடுத்து வையுங்கள். நம் இல்லத்தில் இப்போது அது நாட்காட்டியின் ஆணியிலேயே தொங்குகிறது.