இல்லாத வினையும் சிவப்பு மையும்

1786இல் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் உரையாற்றிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவுக்கு வினையடிகளின் ஒப்புமையையும் சான்றாகக் காட்டினார். ஆங்கில வினைவகைகளைத் தாய்மொழியோடு ஒப்பிடாமல் வெறும் பட்டியலாகக் கற்பிப்பது அந்நகரின் மரபுக்கே முரண்.

‘தினி ஷிக்கோக்’ என்னும் வங்காளத் தொடரும் ‘அவர் ஆசிரியர்’ என்னும் தமிழ்த் தொடரும் வினையின்றியே முற்றுப்பெறுகின்றன. தமிழ் இலக்கணம் இதனைப் பெயர்ப்பயனிலை என்கிறது. ஆங்கிலமோ இங்கே ‘இஸ்’ என்னும் இணைப்புவினையைக் கட்டாயமாகக் கோருகிறது. அதனை விட்டெழுதும் மாணவரிடம் காணப்படுவது பெரும்பாலும் கவனக்குறைவன்று, தாய்மொழியின் ஒழுங்கு.

இறந்தகாலத்தில் ‘சிலேன்’ என்றும் ‘ஆசிரியராக இருந்தார்’ என்றும் இரு மொழிகளிலும் வினை வெளிப்பட்டுவிடுகிறது. இணைப்புவினையின் விளக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும். மதிப்பெண் குறைக்கும் சிவப்பு மை அதன்பின் வரலாம்.