பத்துப் பேரிடமிருந்து தொடங்குங்கள்!

சமுதாய இளைஞர்களே! இணையத்தில் வியாபாரம் செய்யக் கிளம்பிவிட்டீர்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால், முதல் மாதமே லட்சம் பார்க்க வேண்டும் என்று வட்டிக்கு வாங்கிச் சரக்கை அடுக்குகிறீர்களே, இது தகுமா?

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். மக்காவில் இருந்ததை விட்டுவிட்டு மதீனா வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள்! பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றார்கள். பின்னாளில் பெரும் செல்வந்தரானார்கள்.

இன்று கடைத்தெரு உங்கள் கைபேசியில் இருக்கிறது. ஆம்பூர் செருப்போ அத்தரோ, ஒரே பொருளை எடுங்கள். இந்த மாதம் பத்துப் பேருக்கு விற்பது என்று முடிவு செய்யுங்கள். எத்தனை பேர் மறுபடி கேட்டார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதி வையுங்கள். சரக்கு வாங்கிய விலையும் அனுப்பும் செலவும் போக மிஞ்சுவதே லாபம். அதில் அடுத்த சரக்கு வாங்குங்கள். பத்து நிறைவேறினால் இருபது!

படத்தில் ஒன்று, பார்சலில் ஒன்று என்றால் பதினோராவது ஆள் வரமாட்டார். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை மறந்துவிட்டோமா?

குறைவானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று மிம்பரில் கேட்கிறோம். அது தொழுகைக்கு மட்டும்தானா? கடைக்கும்தான்! வட்டியில் எழும் மாளிகையைவிட ஹலாலான பத்து ரூபாயில் பரக்கத் உண்டு. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள்!